ஈரச் சாலையில் டயர் சொன்னது

2025 ஜூன் 3, செவ்வாய்
மூன்றாம் வளைவில் ஜீப்பின் இடப்பக்கம் தடுப்புச்சுவரில் உரசிவிட்டது. பெயிண்ட் மட்டும்தான். எழுபத்து நான்கு வயதில் ஒரு கீறல் குற்றமா? மகள் பெர்சி பார்த்துவிட்டாள். "இனிமே ஓட்ட வேணாம். சாவியத் தாங்கம்மா." தரவில்லை.

ஜூன் 5
கார்ப் பந்தய விளையாட்டுகளுக்கு டயர் செய்வது பெர்சியின் வேலை. ரப்பரில் அல்ல, கணினியில். இப்போது மழைக்கால டயர். சோதித்துப் பார்க்க எங்கள் பீர்மேட்டு மலைச் சாலையையே வரைந்து வைத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டீயரிங்கைப் பொருத்தினாள். "இதுல ஒரு தடவ ஒழுங்கா எறங்கிட்டீங்கன்னா சாவி ஒங்களுக்கே."
மூன்று முறையும் மூன்றாம் வளைவில் பள்ளத்துக்குப் போனேன்.
"ஒன் டயர் பொய் சொல்லுது."
"ஆமா, டயர்தான்!" சிரிக்கிறாள்.

ஜூன் 6
அவள் டயரின் தவறுகளை எழுதிக் கொடுத்தேன். மழை தொடங்கும்போது தூசியும் எண்ணெயும் சேர்ந்து வழுக்கும். ஒரு மணி நேரம் பெய்தபின் பிடிப்பு திரும்பும். இவளுக்கு எல்லா மழையும் ஒன்று. நல்ல டயர் சொல்லாமல் வழுக்காது. முதலில் ஸ்டீயரிங் லேசாகும் – தூங்கிப்போகும் குழந்தையின் கை நம் விரலை விடுவதுபோல. அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும்.
இரண்டு தடவை வாசித்தாள். சிரிக்கவில்லை.

ஜூன் 14
திருத்தியிருக்கிறாள். போதாது.

ஜூன் 19
வெளியிலும் மழை, திரையிலும் மழை. எது எந்தச் சத்தம்? பாஸ்கல் பக்கத்தில் இருப்பதுபோலவே இருந்தது. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அவருக்கு ஓட்டத் தெரியாது. முப்பது வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்து, "மஞ்சு எறங்குது, அங்க பாரேன் பிலோ" என்பார். "நான் ரோட்டப் பாக்குறேன்" என்பேன். மூடுபனி அவருக்கு, சாலை எனக்கு.
வண்டி மறுபடி பள்ளத்தில். டயர்தான்.

ஜூன் 28
இன்று டயர் சொன்னது. வளைவுக்கு முன் ஸ்டீயரிங் லேசானது – அப்படியே, அதேபோல. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் எழவில்லை. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு. மறுபடி ஓட்டினேன். அதே மூச்சு. அந்தக் கீறலும் இதுதானா?
பெர்சி பின்னால் நின்றிருந்தாள். "இன்னும் டயர்லதான் ஏதோ தப்பும்மா," என்றாள் மெதுவாக. எனக்காகப் பொய் சொல்கிறாள். நான் அப்படி வளர்க்கவில்லை.
"டயர் சரியா இருக்கு. இனி அதுல கை வைக்காத."

ஜூன் 29, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போக, பக்கத்து எஸ்டேட் லயத்து டிரைவர் மரியஜோசப்பைக் கூப்பிட்டு, சாவியை நானே கொடுத்தேன்.
"வழியெல்லாம் கொற சொல்லிக்கிட்டே வருவீங்களே, டீச்சர்?"
"சொல்லுவேன். பாத்து ஓட்டு."
சொல்லவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வளைவில், சுவருக்கு அப்பால், பள்ளத்தாக்கு முழுவதும் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
இவ்வளவு பெரிதா, பாஸ்கல்?