மூன்றாவது விசில்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பா அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நான் காவல் நிற்கும் கலைக்கூடத்தில் புதுக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். ஒருவர் துருப்பிடித்த ஆணிகளால் கடல் செய்திருக்கிறார். இன்னொருவர் தலைமுடியால் முகம் தைத்திருக்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் அறையிலோ படமே கிடையாது. வெறும் சுவர், ஒரு ஸ்பீக்கர். அதில் யாரோ சமைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் கலைதானாம்.

நேற்று ஏதோ நினைப்பில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும், "அடுப்ப அணைம்மா, குழைஞ்சிடப்போவுது" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். வேலைக்கு உலை வைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன். அந்தச் சத்தங்களைப் பதிவுசெய்த கலைஞர் அம்மா வந்து, "நல்லா இருந்துச்சுங்க. தினமும் சொல்றீங்களா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

இன்று சொன்னேன், ஒட்டவில்லை. "நேத்து யாருகிட்ட சொன்னீங்க?" என்று கேட்கிறார். நான் சொன்ன ஆள் அங்கே இல்லையே, என்னவென்று சொல்வது? நான் காவல்காரனா, காட்சிப்பொருளா என்பதே குழப்பமாகிவிட்டது.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அப்புறம், நீ எப்போதும் சமையலை முடித்துவிட்டுத்தான் போன் செய்கிறாய். இனிமேல் குக்கரை ஏற்றியதும் கூப்பிடு.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து மறுபடி கதவைத் திறக்கப் போகிறார்கள், ஓட வேண்டும். மறந்துவிடாதே, விசிலை நான் எண்ணிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்