அப்பாவும் தையல்காரரும் தோண்டிய அரண்மனை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், தலை முதல் கால் வரை மண்ணாக இருக்கிறோம், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் தெருவுக்கு அடியில் பழைய ஊர் ஒன்று இருக்கிறதாம். தொல்லியல் படித்த பெண் ஒருத்தி வந்து, அவரவர் கொல்லையில் அவரவரே தோண்டலாம், நான் சொல்லித் தருகிறேன் என்றாள். முதல் ஆளாகக் கை தூக்கியது உன் அப்பாதான். அதோடு என் நிம்மதி போயிற்று. கட்டிலுக்கடியில் பெருக்கப் போனால், "தொடாதே, மண்ணடுக்கு கலைஞ்சிடும்" என்று கத்துகிறார். நான் குப்பையில் போட்ட உடைந்த தட்டைக் கழுவி, எண் எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுத் தையல்காரரும் தோண்டினார். நடுச்சுவர் யாருடையது என்று உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர்களுக்குள் பேச்சு கிடையாதே, இப்போது இரண்டு கொல்லையிலும் செங்கல் வரிசை தெரிந்ததும் அரண்மனை என்று இவர், கோட்டை என்று அவர், தெருவெல்லாம் ஒரே அளப்பு. அந்தப் பெண் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே கட்டுமானம், உங்கள் சுவருக்கு அடியில்தான் போகிறது, சுவரை எடுக்க இருவரும் சம்மதிக்காவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்றாள். சுவர் போனால் தோற்றதாகிவிடுமே என்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அரண்மனை ஆசை ஜெயித்தது. சுவரோரம் நின்று வானத்தைப் பார்த்து, "இடிச்சிடலாம்னு ஒருத்தர் நினைக்கிறார்" என்றார். அந்தப் பக்கமிருந்து, "இன்னொருத்தரும் அதைத்தான் நினைக்கிறார்" என்று குரல் வந்தது.

கொத்தனார் இடித்தார், தெருவே கூடி நின்றது. மண்ணைத் தள்ளினால் அரண்மனையுமில்லை, கோட்டையுமில்லை, சாக்கடை! நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கோ கண் கலங்கிவிட்டது, இவ்வளவு முழுசாக ஒரு சாக்கடையை அவள் பார்த்ததே இல்லையாம். மழைத்தண்ணீர் நம் வாசலிலிருந்து தையல்காரர் வாசலுக்கு ஓடுவதற்குக் காரணமும் அந்தக் காலத்துச் சரிவுதானாம். இப்போது இருவரும் விடிந்ததும் ஒரே குழியில். "தண்ணி எங்க பக்கத்துல இருந்துதான் உங்க பக்கம் வந்திருக்கு" என்று அப்பா பெருமையடிக்க, "அப்போ அழுக்கெல்லாம் உங்களுதுதான்" என்கிறார் அவர். சுவரைத் திரும்பக் கட்டட்டுமா என்று கொத்தனார் கேட்டதற்கு, "வேண்டாம்ப்பா, சண்டை போட இதுதான் வசதி" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சாக்கடை எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் மறக்காமல் கேள், சிரிக்காமல் கேள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா