பிள்ளைகளுக்காகப் பார்த்த பேய்ப்படம்

மே மாதம், சனிக்கிழமை

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. புதுப் பேய்ப்படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஜெனியும் அவள் தம்பியும் ஒரு வாரமாக அரிக்கிறார்கள். எந்தப் படமானாலும் நானும் இவரும் முதலில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். வழக்கமாக வீட்டு டிவியிலேயே முடிந்துவிடும். இது தியேட்டரில் ஓடுகிற படம். அதனால் பிள்ளைகளைச் சர்ச்சில் விடுமுறை வேதாகமப் பள்ளியில் விட்டுவிட்டு, தல்லாகுளத்திலிருந்து பைக்கில் போனோம்.

ஜெனி பிறந்த பிறகு நாங்கள் மட்டும் தியேட்டருக்குப் போனது இன்றுதான். கிணற்றுக்குள்ளிருந்து கை வந்ததும் இவர் என் கையைப் பிடித்தார். கடைசிவரை விடவில்லை.

இடைவேளையில், "இம்புட்டு ரத்தம் பிள்ளைகளுக்கு ஆகாதுங்க, கிளம்பலாமா?" என்றேன்.

"முழுசாப் பாத்தாத்தான சொல்ல முடியும்" என்று பாப்கார்னை நீட்டினார். வெளியே வரும்போது, "அடுத்த வாரம் இன்னொரு பேய்ப்படம் வருது. அதையும் பாத்துச் சொல்லிருவோம்" என்றார். நானும் சரி என்றேன்.

வீட்டில், "ரொம்ப மோசமான படம்" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னோம். ஜெனி அடம்பிடிக்கவில்லை. குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்களுக்காக அப்பாவும் அம்மாவும் இனிமே இந்த மாதிரிப் படம் பாத்துக் கஷ்டப்படவே கூடாது" என்று ஜெபித்தாள்.

ஆமென் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.