வசந்தாவின் சீட்டுக்கட்டு

உ

ஆவணி 4, புதன்

விடிகாலை முதல் தூறல். மொட்டை மாடி வடாம் பாதி ஈரத்தோடு கூடத்துக்கு வந்தாயிற்று. மண்ணெண்ணெய் வரிசை நீளம். கத்திரிக்காய் அரைக் கிலோ, இரண்டு சொத்தை.

மருமகள் வசந்தாவின் ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடையாறில். பழையது மூலையில் துணி போர்த்தி நிற்கிறதாம், பாவம். இந்த யந்திரம் தானாக ஒன்றும் அறியாது. எந்த நாடா, எந்த அச்சு, தாள் எவ்வளவு அகலம் என்று தினமும் காலையில் ஒருவர் கையால் சொல்லிக் கொடுத்தால்தான் வேலைக்கு வரும். பழையதற்கு வசந்தா அத்தனையையும் ஓட்டை போட்ட அட்டைச் சீட்டுகளில் ஏற்றி ஒரு கட்டாக வைத்திருந்தாள். கட்டைச் செருகினால் போதும். அவளுக்குப் பிடித்த ஒழுங்கில் தானே தயாராகிவிடும். புதியதற்கும் அப்படி ஒன்று செய்கிறாள்.

"கட்டு ஓடித்துன்னா ஒன்பது மணிக்குப் போனாப் போறும்மா. ஓடலேன்னா காலம்பற அஞ்சு மணிக்கு என்னைத்தான் வரச் சொல்லுவா."

நங்கநல்லூரிலிருந்து அந்த நேரத்துக்கு ஏது பஸ்? என் பிள்ளை சேது கட்டிய வீடு அங்கே பூச்சு முடிந்து காத்திருக்கிறது. கட்டு ஓடினால் இருவரும் அங்கே குடிபோவார்கள். ஓடாவிட்டால் அதை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே இருப்பதாகச் சேது சொல்லிவிட்டான். எது ஆனாலும் அடுத்த புதன் நல்ல நாள், பால் காய்ச்சிவிட வேண்டும் என்றார் இவர்.

நான் வடாமைத் திருப்பிப் போட்டேன்.

ஆவணி 6, வெள்ளி

வெயில். சாயங்காலம் கபாலி கோயில்.

கட்டு ஓடவில்லை. ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறதாம். வசந்தா கூடம் முழுக்கச் சீட்டுகளைப் பரப்பி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் மொச்சை உரித்தேன். இவர் ஈசிசேரிலிருந்து,

"மாமியாரும் மாட்டுப்பொண்ணும் வெள்ளிக்கிழமையும் அதுவுமா சீட்டாட்டமா? யாருடி கழுதை?"

"எங்க ரெண்டு பேர்ல யாரும் இல்லேன்னா, மிச்சம் யாருன்னு பார்த்துக்கோங்கோ," என்றேன். வசந்தா இன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கல்யாணமான புதிதில் லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கட்டு முழுவதையும் கொட்டிவிட்டாள். முந்தானையில் அள்ளிக்கொண்டு அழுதபடி வந்தாள். இதே கூடத்தில் இருவருமாக அடுக்கினோம். அவள் எண் சொல்ல, நான் தேடி எடுக்க. தகர டப்பா லேபிளும் பஸ் போர்டும் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எனக்கு அன்றைக்குப் பயன்பட்டது. அடுக்கி முடித்துக் கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக நீலப் பென்சிலால் கோடு இழுத்தாள். ஒரு சீட்டு இடம் மாறினாலும் கோடு காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்பு அவள் எனக்கு விருந்தாளி மாதிரி. அன்றிலிருந்து இல்லை.

கெட்டுப்போன சீட்டுகளின் பின்புறம்தான் மூன்று வருஷமாக என் மளிகைக் கணக்கு.

கற்பகாம்பாள் சந்நிதியில் கை கூப்பினேன். என்ன கேட்பது? ஓடட்டும் என்றால் போய்விடுவாள். ஓட வேண்டாம் என்று கேட்க வாய் வரவில்லை. குங்குமம் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆவணி 9, திங்கள்

இன்னும் இல்லை. கட்டு மொத்தத்தையும் புதிதாக ஓட்டை போட்டாளாம். அப்போதும் நிற்கிறது. வெறும் மோர் சாதத்தோடு எழுந்துவிட்டாள்.

புதன்கிழமைக்கு: விளக்கு, உப்பு, மஞ்சள், பருப்பு, வெண்கலப் பானை, ஸ்டவ். ஸ்டவ்வின் காலுக்குக் கொடுக்கிற மடித்த சீட்டு.

நம் சமையலறைத் தரை சாக்கடைப் பக்கம் சாய்வு. நான் இந்த வீட்டுக்கு வந்த வாரமே ரசப் பாத்திரம் நழுவிக் காலில் கொட்டிற்று. அது முதல் அடுப்பின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுப்பது வழக்கம். முன்பு ஓட்டுத்துண்டு. வசந்தா வந்த பிறகு அவள் சீட்டு.

ஆவணி 11, புதன்

டாக்சிக்காரர்: "இன்னா மாமி, மொத்த வூடும் டிக்கிலயே கீதா? ஸ்டவ்வு சாஞ்சிக்கினு வருது பாரு, எண்ணெ கொட்டுச்சின்னா நாத்தம் போவாது." மடியில் வைத்துக்கொண்டேன்.

நங்கநல்லூர் வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. சிவப்புச் சிமெண்டுத் தரை, முகம் பார்க்கலாம். கோலம் போட்டு, ஸ்டவ்வை வைத்து, காலுக்குச் சீட்டைக் கொடுத்துப் பற்ற வைத்தேன். பால் பொங்கிற்று. முழுவதும் தெற்கே வழிந்தது. வடக்கே ஒரு சொட்டு இல்லை. தெற்கு ஆகாத திசையாயிற்றே; துடைக்க அவசரமாகத் துணி தேடினேன்.

வசந்தா குனிந்து அடுப்பின் காலையே பார்த்தாள்.

"அம்மா, இதை ஏன் வெச்சேள்?"

"எப்பவும் வெக்கறதுதானே."

"இந்தத் தரை மட்டம்மா!"

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறாம். முதல் சீட்டைப் படிக்காமல் விழுங்கிவிடும். அதனால் முதல் சீட்டை எப்போதும் இரண்டாக வைப்பாள். புதிது விழுங்குவதில்லை. ஒன்றையே இரண்டு தடவை படித்துவிட்டுத் திகைத்து நிற்கிறது.

"எல்லாத்தையும் மாத்தினேம்மா, அதை மட்டும் மாத்தலே. கை தானா ரெண்டு வெச்சுடுத்து."

"அப்போ இன்னொரு தரம் பால் காய்ச்சும்மா," என்றான் சேது. முட்டு இல்லாமல் காய்ச்சினேன். நாலு பக்கமும் வழிந்தது.

நான் செய்த தப்பால் அவளுக்கு வழி கிடைத்தது. அம்பாளிடம் நான் கேட்கவே இல்லையே.

ஆவணி 12, வியாழன்

ஓடிவிட்டது. மல்லிகைப்பூவோடு வந்தாள். கட்டிலிருந்து எடுத்த அந்த இரண்டாவது முதல் சீட்டை என் கையில் வைத்து, "இது உங்களுக்கு. இனிமே வேண்டாம் அதுக்கு," என்றாள். சுவாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டேன். விளிம்பில் நீலக் கோட்டின் ஒரு புள்ளி.

ஆவணி 15, ஞாயிறு

நல்ல வெயில். பத்து மணிக்கு லாரி. அலமாரி, கட்டில், அவள் தம்பூரா. போனார்கள்.

கூடம் பெரிதாக இருக்கிறது. இவர் பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குப் பால் வைத்தேன். பாத்திரம் நழுவிற்று. மடித்த சீட்டை நங்கநல்லூரிலேயே விட்டு வந்திருக்கிறேன். கொல்லையில் ஓட்டுத்துண்டு தேடினேன், கிடைக்கவில்லை. சுவாமி அலமாரியிலிருந்து வசந்தா கொடுத்த சீட்டை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலாக மடித்து அடுப்பின் காலுக்குக் கொடுத்தேன். மட்டமாக நின்றது.

நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்தார். எப்போதும் போலவே வாங்கிக்கொண்டேன்.