இரண்டு கோப்பைச் சிச்சா

மார்ச் 3, ஞாயிறு

காலையில் நூற்றிருபது ரொட்டி. கடைசித் தட்டு கருகிவிட்டது.

மாலையில் என் மகள் நெலிதாவைப் பெண் கேட்டு எடில்பெர்த்தோ வீட்டார் வந்தார்கள். கோகா இலை, பூ, மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த ஒரு பானை சிச்சா என்று எல்லாம் முறைப்படிதான். அவன் அம்மா ஃபோர்துனாத்தா மண்ணுக்கு இரண்டு சொட்டு சிந்திவிட்டு முதல் கோப்பையை என்னிடம் நீட்டினாள். "நாங்க குடிக்கிறதில்லீங்க, சபைக்குப் போறவங்க" என்றேன். என் கணவர் கசியானோவும் தலையசைத்தார். அவள் முகம் செத்துப்போனது.

பெற்றவர்கள் இருவரும் கோப்பையைக் காலி செய்தால் சம்மதம், திருப்பிக் கொடுத்தால் இல்லை. எனக்கா தெரியாது? ஆனால் விளக்கிச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். காப்பிகூடப் போட்டு வைத்திருந்தேன். யாரும் தொடவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 4

நெலிதா தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

மார்ச் 6, புதன்

சந்தையில் என் ரொட்டிக்கூடைக்கு எதிரே நின்று ஃபோர்துனாத்தா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "எங்க சோளம் புளிச்சா பாவம். இவ மாவு புளிச்சா மட்டும் புண்ணியமாக்கும்!" நாலு பேர் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும்? கசியானோ எந்தச் சிச்சாக்கடை வாசலில் விழுந்து கிடக்கிறார் என்று தேடித் தேடி நடந்தவள் நான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் விடவேண்டும் என்று நானும் கூடவே சத்தியம் செய்து குடியை விட்டேன். அவரைத் தனியாக விடச்சொல்ல முடியுமா? சபைதான் அப்போது கைகொடுத்தது. அதைப் போய் ஒரு கோப்பைக்காக —

சாப்பிடும்போது நெலிதா வாயைத் திறந்தாள். "உங்க ரெண்டு பேர் சத்தியத்துக்கு நான்தான் கெடச்சேனா?"

நான் வைத்த ரொட்டியைத் திருப்பி என் தட்டிலேயே வைத்தாள்.

மார்ச் 8, வெள்ளி

எடில்பெர்த்தோ தனியாக வந்தான். "அத்தை, அம்மாவே ஒரு வழி சொல்றாங்க. இன்னைக்குக் காய்ச்சி நாளைக்கே கொண்டாந்துடறோம். புளிக்காத சாறு. சின்னப் பிள்ளைங்களே குடிக்குமே!"

அதைச் சபையில் யாரும் குறை சொல்ல முடியாது. சரி என்றேன். கசியானோவும், "இனிப்புச் சாறுன்னா எனக்கும் சரி" என்றார்.

மார்ச் 9, சனி

மழை. மலை சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. பானையோடு கிளம்பியவர்கள் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்களாம்.

மார்ச் 10

இன்னும் மண் அள்ளுகிறார்கள். நெலிதா நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மார்ச் 11, திங்கள்

வந்தார்கள். முழங்கால் வரை சேறு.

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக மாவோடு கிடக்கிறவளுக்கா தெரியாது? ஓரமெல்லாம் நுரை. ஃபோர்துனாத்தா குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மூணு நாளாயிடுச்சு சம்பந்தி. ஈரத்துணியெல்லாம் சுத்தித்தான் வெச்சேன், புளிப்பு நிக்கலை. திரும்ப சோளம் முளைகட்டணும்னா பத்து நாளாகும். நான் என்ன செய்ய?"

மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

குடித்தேன். புளிப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு, நாக்கில் சுறுசுறுப்பு. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டாவது கோப்பை கசியானோவிடம் போனது. அவருக்கும் வாசனை எட்டியிருக்கும். நெலிதாவைப் பார்த்தார். கையை நீட்டினார். அவருக்கு ஒரு கோப்பையோடு நிற்காது, எனக்குத் தெரியும்.

"அதையும் இங்க குடுங்க. அவர் பங்கையும் நானே குடிக்கிறேன்."

மாப்பிள்ளையின் பெரியப்பா, "அப்படியொரு முறை கெடையாதேம்மா" என்று இழுத்தார்.

"இன்னையிலருந்து இருக்கட்டும்" என்று ஃபோர்துனாத்தா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். நெலிதா அழுதாள். நானும்தான்.

மார்ச் 12, செவ்வாய்

தலைவலி. எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கசியானோ மாவு பிசைந்துகொண்டிருந்தார். உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார்.

போதகர் கேட்டால் என்ன சொல்வது என்றேன்.

மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "நான் போய்ச் சொல்லிக்கிறேன். ரெண்டுல ஒண்ணு என்னோடதுதானே."