பூரணத்தின் நீளக் குண்டு

தை 6, புதன்
பனி. பத்து மணிவரை வெயில் இல்லை. நெல் பால் பிடித்துவிட்டது, பன்றியும் வந்துவிட்டது. கீழ் வயலில் ஒரு மூலை உழுதது போலக் கிடக்கிறது.
குண்டு வார்த்தேன். 14. கீரிக் கடற்கரையில் மீனவரிடம் வாங்கிய வலை ஈயம், நல்ல மெது. எல்லாம் உருண்டை, ஒன்றிலும் வடு இல்லை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். வார்ப்பில் என்னை நிறுத்தப் பெரியமடுவில் ஆளில்லை. என்னவர் உயிரோடு இருந்த காலம் முதல் இந்த வீட்டுத் துவக்குக்கு என் குண்டுதான்.
பின்னேரம் மருமகளின் தாய் பூரணம் அடம்பனிலிருந்து வந்தாள். கையில் பலகாரப் பெட்டி. திறந்தால் பலகாரம் இல்லை, குண்டு வார்க்கும் அச்சு. செத்த புருஷனுடையதாம். அதில் விழுவது நீளக் குண்டு, சுண்டுவிரல் நுனி மாதிரி.
பேத்தி ஓடிப்போய் அவள் மடியில். என் மடியில் முள்ளா இருக்கிறது?

தை 7, வியாழன்
உப்பு, தீப்பெட்டி, வேப்பெண்ணெய் - சொல்லியனுப்ப.
மகன் தம்பிராசா பனங்குற்றியில் சுட்டுப் பார்த்தான். என் குண்டு மூன்றும் மூன்று திக்கில். பூரணத்துடையது மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள்.
"மாமியின்ர குண்டு குழலோட ஒட்டிப் போகுது அம்மா. உங்கட உருண்டை குழலுக்குள்ள ஆடுது."
பூரணம் வாய் திறக்கவில்லை. பெருமை பேசினாலாவது திட்டலாம்.
இனி மாமியின் குண்டுதானாம். பன்றி விழுந்தால் அதன் ஈரல், குண்டு வார்த்தவருக்கு; அதுதான் இந்த வீட்டு வழக்கம். இருபத்தைந்து வருஷம் நான் தின்ற ஈரல்.
சோறு இறங்கவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

தை 9, சனி
எல்லாரும் கோயிலுக்கு. நான் போகவில்லை. துவக்கை இறக்கினேன். உள்ளே வெடிமருந்து இல்லை, பார்த்துக்கொண்டேன். காலையில் கிளி கலைக்க வெறும் வெடி வைத்த மகன் குழலின் கரியைத் துடைக்காமல் மாட்டியிருந்தான்.
என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று, இரண்டு குண்டுக்கும் விளக்குக் கரி பூசிக் குழல் வாயால் உள்ளே விட்டுப் பார்த்தேன். என் உருண்டை அடிவரை ஓடியது. எடுத்துப் பார்த்தால் கரி அழிந்தது மெட்டி அளவு ஒரு வளையம். அவளுடையது ஒரு சாண் போய் இறுகி நின்றது. துவக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டி எடுத்தேன். பக்கம் முழுக்கக் கரி அழிந்திருந்தது. அவ்வளவு நீளம் குழலைத் தொடுகிறது. அதனால்தான் நேரே போகிறது. வயிறு எரிந்தது.
ஆனால் அதனால்தான் இறுகுகிறதும். வியாழன் அவன் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைத்தான். வயலில் பன்றி நின்று பொறுக்குமா? இரண்டாம் குண்டு பாதியில் நிற்க, தெரியாமல் சுட்டால் குழல் வெடிக்கும். என்னவரின் தமையனுக்கு இடக்கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது.
மகனிடம் சொன்னேன்.
"எரிச்சலில கதைக்காதேங்கோ அம்மா."
எரிச்சல் உண்மை. இறுகினதும் உண்மை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் யார் நம்புவார்?

தை 10, ஞாயிறு
இன்றிரவு வயலில் மகன் காவல். பூரணம் குளத்துக்குக் குளிக்கப் போன நேரம் அவன் குண்டுப் பையிலிருந்து அவளுடைய ஒன்பது குண்டையும் எடுத்தேன். நடுவில் கத்தியால் சுற்றிச் சுரண்டினேன். தலையும் அடியும் தொடும், இடுப்பு தொடாது. அதே கரிக் குழலுக்குள் ஒன்றை விட்டேன். அடிவரை போனது, தட்டியதும் வந்தது.
பைக்குள் திருப்பிப் போட்டேன். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுக்க என் கையே சுரண்டியது.

தை 11, திங்கள்
இரண்டு வெடி, இரண்டு பன்றி. துடைக்க நேரமில்லையாம், இரண்டாவதும் வழுக்கிக்கொண்டு இறங்கியதாம். மாமியின் குண்டு, மாமியின் குண்டு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான்.
ஈரல் பூரணத்துக்கு. சமைத்தது நான். மிளகு கொஞ்சம் கூடுதல்.

தை 13, புதன்
பூரணம் புறப்பட்டாள். வண்டி வாசலில் நிற்க, குசினிக்குள் வந்து மிஞ்சிய குண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.
"மச்சாள், என்ர அச்சில இடுப்பு விழாது. தம்பிராசாவுக்குச் சொல்லட்டோ?"
வேண்டாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அச்சை அடுப்பு மேடையில் வைத்தாள்.
"இனி வார்க்கிறதும் நீங்கள், சுரண்டுறதும் நீங்கள்."
மகன் கண்டுபிடிக்காததை இவள் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு நாள் ஒருவருக்கும் மூச்சுக் காட்டவில்லை. அச்சையும் கேளாமலே தந்துவிட்டாள்.
நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள்.