தோசைக்கல் மட்டும் இருந்த அறை

ஜூலை 1964, வியாழன்.

பம்பாய் தாராவியில் மளிகைக் கடை வைத்ததிலிருந்து பார்க்கிறேன். மில்லில் வேலை செய்யும் நம் ஊர் ஆட்கள் உளுந்து மூட்டையை ஏக்கமாகப் பார்ப்பார்கள். பாவ் ரொட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள். போன வாரம் அவர்களில் ஒருவனான முருகையாவிடம் காரணம் கேட்டே விட்டேன்.

"ரூம்ல தோசைக்கல்லு கெடக்கு அண்ணாச்சி. ஆட்டுக்கல்லுக்கு எங்க போவ?" என்றான்.

ஆட்டிய மாவையே விற்கலாம் என்றதும் என் மனைவி செல்லம்மாள் சிரித்தாள். "மாவ எவன் துட்டு குடுத்து வாங்குவான்?"

இருந்தாலும் நேற்று ஆட்டித் தந்தாள். இன்று ஷிப்ட் விட்டதும் கடை முன்னால் தூக்குவாளிகளோடு வரிசை! அரை மணி நேரத்தில் பானை காலி. கடைசியாக வந்தவர் முகம் வாடி நின்றார். உள்ளிருந்து செல்லம்மாளே குரல் கொடுத்தாள்: "நாளைக்கு வாங்கண்ணே, ஒங்களுக்கு எடுத்து வைக்கேன்."

அவளே சொன்ன பிறகு எனக்கென்ன? இரண்டு பங்கு ஊறப் போட்டாயிற்று.